18 எம்மி விருதுகளில் 14... கேமராவுக்குப் பின்னால் நிற்பவர்களுக்கு மட்டும் ஏன் தனி விழா?

2024 செப்டம்பரில் 'ஷோகன்' தொடர் எம்மி விருதுகளை அள்ளியது ஞாபகம் இருக்கலாம். ஒரே சீசனுக்கு 18 விருது. அதுவரை 2008-இல் 'ஜான் ஆடம்ஸ்' வாங்கிய 13 விருதுகள்தான் சாதனை. அதைத் தூக்கிச் சாப்பிட்டது ஷோகன். செய்திகளில் எல்லாம் ஹிரோயுகி சனாடாவும் அன்னா சவாயும் கையில் தங்கச் சிலையோடு நிற்கும் படங்கள்.

ஆனால் அந்தப் படங்கள் எடுக்கப்பட்ட செப்டம்பர் 15 இரவில் ஷோகனுக்குக் கிடைத்தது மொத்தமே 4 விருதுதான். சிறந்த தொடர், நடிகர், நடிகை, இயக்கம். மீதி 14 விருதும் அதற்கு ஒரு வாரம் முன்பே, செப்டம்பர் 7, 8 தேதிகளில் கொடுத்து முடிச்சாச்சு. ஒளிப்பதிவு, எடிட்டிங், கலை இயக்கம், உடை, சிகை அலங்காரம், ஒப்பனை, ஒலி, விஎஃப்எக்ஸ், ஸ்டண்ட் என்று நீளும் அந்தப் பட்டியலில் நடிப்புக்கானது ஒன்றே ஒன்று, கௌரவ நடிகர் விருது. மற்ற 13-ம் நாம் முகம் பார்த்திராதவர்களுக்குப் போனவை.

அந்த இன்னொரு விழாவின் பெயர் 'கிரியேட்டிவ் ஆர்ட்ஸ் எம்மி'.

எம்மி என்றால் என்ன, இது எங்கே வருகிறது?

சினிமாவுக்கு ஆஸ்கர் மாதிரி, அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு எம்மி. முதல் விழா 1949 ஜனவரி 25-இல் நடந்தது. பெயருக்கே ஒரு கதை இருக்கு. அந்தக் கால டிவி கேமராக்களுக்குள் 'இமேஜ் ஆர்த்திகான்' என்று ஒரு குழாய் இருக்கும். தொழில்நுட்ப ஆட்கள் அதைச் செல்லமாக 'இம்மி' என்பார்கள். அதுதான் 'எம்மி' ஆனது. ஆக இந்த விருதின் பெயரே கேமராவுக்குள் இருக்கும் ஒரு பாகத்திலிருந்து வந்தது. சிலையில் இருப்பதும் சிறகு விரித்த ஒரு பெண், கையில் அணு. கலையும் அறிவியலும் சேர்ந்தது டிவி என்று அர்த்தம்.

இப்படிப் பிறந்த விருதில், தொழில்நுட்பக் கலைஞர்களின் இடம் பிரதான மேடையில் இல்லை.

காரணம் ரொம்ப எளிமையானது, நேரம். மூன்று மணி நேர நேரலையில் சுமார் 25 விருதுகளைத்தான் கொடுக்க முடிகிறது. இருப்பதோ நூற்றுக்கும் மேல். அதனால் நடிகர்கள், எழுத்தாளர்கள், இயக்குநர்கள், பெரிய தொடர்கள் ஞாயிறு இரவு நேரலைக்கு. மற்ற எல்லாம் ஒரு வாரம் முன்னாடி. அதற்கே ஒரு இரவு போதாமல் 2016 முதல் இரண்டு நாள் ஆக்கினார்கள். டாக்குமென்டரி, ரியாலிட்டி ஷோ, குரல் நடிப்பு, கௌரவ நடிகர் விருதுகளும் இதில்தான் வரும். அதனால் ஆச்சரியமான பெயர்களும் உண்டு. 2022-இல் தேசியப் பூங்காக்கள் பற்றிய நெட்ஃப்ளிக்ஸ் தொடருக்குப் பின்னணி பேசியதற்காக எம்மி வென்ற பராக் ஒபாமாவும் இந்தப் பட்டியல்தான்.

இந்த விழா நேரலையில் வராது. சுருக்கப்பட்ட தொகுப்பு பிறகு ஒளிபரப்பாகும், அவ்வளவுதான்.

'அடோலசென்ஸ்' எடுத்த விதம்

இந்த விருது எதைப் பாராட்டுகிறது என்று புரிந்துகொள்ள 'அடோலசென்ஸ்' நல்ல உதாரணம். 2025 மார்ச்சில் நெட்ஃப்ளிக்ஸில் வந்து உலகம் முழுக்கப் பேசப்பட்ட நான்கு எபிசோட் பிரிட்டன் தொடர். சக மாணவியைக் கொன்றதாக 13 வயதுப் பையன் ஒருவன் கைதாகிறான், அதுதான் கதை. அந்தப் பையனாக நடித்த ஓவன் கூப்பர் 15 வயதில் எம்மி வாங்கியதை எல்லா ஊடகங்களும் கொண்டாடின. கொண்டாட வேண்டியதுதான்.

ஆனால் அந்தத் தொடரின் ஒவ்வொரு எபிசோடும் ஒரே ஷாட். தொடங்கினால் சுமார் ஒரு மணி நேரம், நடுவில் 'கட்' கிடையாது. ஒட்டு வேலையும் கிடையாது. கேமரா காருக்குள் ஏறணும், இறங்கணும், மாடிப்படியில் ஓடணும், ஜன்னல் வழியா வெளியே வரணும். ஒரு ஆபரேட்டர் கையிலிருந்து இன்னொரு ஆபரேட்டர் கைக்கு, ஓடிக்கொண்டிருக்கும்போதே, படத்தில் துளி ஆட்டம் தெரியாமல் மாறணும். இரண்டாவது எபிசோடின் கடைசியில் அதே கேமராவை ட்ரோனில் மாட்டிப் பறக்கவிடுகிறார்கள். அது பறந்து போய் இன்னொரு இடத்தில் இறங்கியதும், அங்கே காத்திருப்பவர் பிடித்து நடிகரின் முகத்துக்குக் கொண்டுபோகிறார். பார்த்தபோது இது எதுவுமே நமக்குத் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் அவர்கள் தோற்றிருப்பார்கள்.

இதில் 55-ஆவது நிமிடத்தில் ஒருவர் தப்பு செய்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். முதல் எபிசோடுக்கு நாம் பார்ப்பது இரண்டாவது டேக். நான்காவது எபிசோடுக்கு 16-ஆவது டேக்.

இந்த வேலைக்கு ஒளிப்பதிவாளர் மேத்யூ லூயிஸுக்கு எம்மி கிடைத்தது. எப்போது? ஓவன் கூப்பர் மேடையேறுவதற்கு ஒரு வாரம் முன்பு, கிரியேட்டிவ் ஆர்ட்ஸ் இரவில். நம்மில் எத்தனை பேர் டைம்லைனில் அந்தச் செய்தி வந்தது?

ஏன் இத்தனை பிரிவு?

கிரியேட்டிவ் ஆர்ட்ஸ் பட்டியலைப் பார்த்தால் முதலில் சிரிப்புதான் வரும். உடை வடிவமைப்புக்கே சரித்திரக் கதை, சமகாலக் கதை, ஃபேன்டஸி என்று தனித்தனி விருது. ஒப்பனையில் சாதாரண மேக்கப்புக்கு ஒன்று, முகத்தில் ரப்பர் மாதிரி செயற்கைத் தோல் ஒட்டிச் செய்யும் ப்ராஸ்தெட்டிக் மேக்கப்புக்கு ஒன்று. எடிட்டிங்கில் ஒரு கேமராவில் எடுத்தது, பல கேமராவில் எடுத்தது. விருதைக் கூறு போட்டு விற்கிறார்களா என்று கேட்கத் தோன்றும்.

ஆனால் யோசித்தால் நியாயம் இருக்கிறது. அரசர் காலப் பட்டாடையும் இன்றைய நடுத்தரக் குடும்பத்து நைட்டியும் ஒரே போட்டியில் நின்றால் ஓட்டு எங்கே போகும்? பட்டாடைக்குத்தான். ஆனால் பத்து வருடம் துவைத்த மாதிரி ஒரு சட்டையைப் புதுத் துணியில் உருவாக்குவதும், அந்தக் கதாபாத்திரத்தின் சம்பளத்துக்கு என்ன செருப்பு வாங்கியிருப்பார் என்று கணக்குப் பண்ணுவதும் சின்ன வேலை கிடையாது. தனிப் பிரிவு இல்லையென்றால் அதைக் கவனிக்கவே ஆள் இருக்காது.

ஒலியும் அப்படித்தான். சவுண்ட் எடிட்டிங், சவுண்ட் மிக்ஸிங் இரண்டும் ஒன்றுதான் என்று நினைப்பவர்கள் நிறைய. கால் நடக்கும் சத்தம், வாள் உரசும் சத்தம், துணி சரசரப்பு, இதையெல்லாம் தேடியோ புதிதாக உருவாக்கியோ அந்தந்த இடத்தில் உட்கார வைப்பது எடிட்டிங். வசனம், இசை, மழை மூன்றும் ஒரே நேரத்தில் வரும்போது எது எவ்வளவு கேட்கணும் என்று முடிவு செய்வது மிக்ஸிங். நம்ம ஊர் சீரியலில் மாமியார் முகத்துக்கு மூன்று தடவை ஜூம் போய், மூன்று தடவையும் 'டுஷ்' என்று ஒரு சத்தம் வருமே, கிண்டல் பண்ணி மீம் போடுகிறோமே, அதையும் ஒருவர் ராத்திரி உட்கார்ந்து வைத்துத்தான் மறுநாள் ஒளிபரப்புக்கு அனுப்புகிறார்.

ஓட்டு போடுவது யார்?

இந்த விருதுக்கு மதிப்பு வருவது இந்த இடத்தில்தான். டெலிவிஷன் அகாடமியில் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தொழில் வாரியாகச் சுமார் 30 குழுக்களாகப் பிரிந்திருக்கிறார்கள். எடிட்டிங் விருதுக்கு எடிட்டர்கள்தான் ஓட்டு போடுவார்கள், ஒளிப்பதிவுக்கு ஒளிப்பதிவாளர்கள். ரசிகர்கள் எஸ்எம்எஸ் ஓட்டு எல்லாம் கிடையாது. உங்கள் வேலையின் கஷ்டம் தெரிந்த ஆள், உங்கள் போட்டியாளர், 'நீ நல்லா பண்ணியிருக்க' என்று சொல்வது இது. அனிமேஷன் தனிநபர் சாதனை போன்ற சில பிரிவுகளில் இன்னும் ஒரு படி மேலே போய், போட்டியே இல்லாமல் நடுவர் குழு உட்கார்ந்து பார்த்து முடிவு செய்கிறது. தகுதி இருந்தால் பல பேருக்குக் கொடுக்கலாம், இல்லையென்றால் யாருக்கும் கொடுக்காமலும் விடலாம்.

குறை இல்லாமல் இல்லை. பணமிருக்கும் தொடர்தான் ஜெயிக்கிறது என்பது பழைய புகார். ஓட்டு வேட்டைக்கு நிறுவனங்கள் விளம்பரமும் சிறப்புக் காட்சிகளும் போட்டுத் தள்ளுகின்றன. வாக்காளர் பார்த்திருக்கும் நான்கைந்து பெரிய தொடர்களே எல்லாப் பிரிவிலும் திரும்பத் திரும்ப வருகின்றன. ஷோகனின் 14-ம், 2025-இல் 'தி பென்குயின்' வென்ற 8 கிரியேட்டிவ் ஆர்ட்ஸ் விருதும் தகுதிக்குக் கிடைத்தவைதான். ஆனால் சின்ன பட்ஜெட்டில் பிரமாதமாக ஒலி செய்த ஒருவர் இந்த வெள்ளத்தில் நீந்தி வருவது கஷ்டம்.

எண்ணிக்கை நிறுவனத்துக்கு... நேரம் யாருக்கு?

இந்தப் பட்டியலைக் கொஞ்சம் பாருங்க. ஷோகன்: 18-இல் 14. தி பென்குயின்: 9-இல் 8. 2025-இன் நகைச்சுவைச் சாதனையாளர் 'தி ஸ்டூடியோ': 13-இல் 9. நெட்ஃப்ளிக்ஸ் 2021-இல் மொத்தம் 44 எம்மி வாங்கி, 1974-இல் சிபிஎஸ் வைத்த சாதனையைச் சமன் செய்தது. அந்த 44-இல் 34 கிரியேட்டிவ் ஆர்ட்ஸ் இரவுகளில் வந்தவை.

'இத்தனை எம்மி வென்ற தொடர்' என்று போஸ்டரில் போடும் எண்ணில் பெரும்பங்கு தொழில்நுட்பக் கலைஞர்கள் சம்பாதித்துக் கொடுத்தது. போஸ்டரில் இருக்கும் முகம் நடிகருடையது.

நெட்ஃப்ளிக்ஸ் அந்த 34 விருதுகளை வாங்கிய அதே 2021-இல்தான் இன்னொரு விஷயமும் நடந்தது. விழா முடிந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. கேமரா, எடிட்டிங், ஒப்பனை, செட், லைட் பணியாளர்களின் அமெரிக்கத் தொழிற்சங்கமான 'ஐயாட்ஸி' வேலைநிறுத்தத்துக்கு அனுமதி கேட்டு வாக்கெடுப்பு நடத்தியது. சம்பந்தப்பட்ட தொழிலாளர்கள் சுமார் 60 ஆயிரம் பேர். பதிவானதில் 98 சதவீதத்துக்கும் மேல் 'சரி' என்ற ஓட்டு.

அவர்கள் கேட்டதில் முக்கியமான ஒன்று தூக்கம். ஒரு நாள் படப்பிடிப்பு முடிந்து அடுத்த நாள் தொடங்குவதற்குள் 10 மணி நேர இடைவெளி வேண்டும். வார இறுதியில் 54 மணி நேர ஓய்வு வேண்டும். சாப்பாட்டு இடைவேளையை மறுக்கக் கூடாது. 'புதிய ஊடகம்' என்ற பெயரில் ஸ்ட்ரீமிங் தொடர்களுக்குக் குறைத்துக் கொடுத்த கூலியை உயர்த்த வேண்டும். இதில் எதுவும் ஆடம்பரம் மாதிரி தெரியவில்லை. அக்டோபர் 18-இல் வேலைநிறுத்தம் என்று தேதி குறித்தாச்சு. 16-ஆம் தேதி ஒப்பந்தம் வந்தது. ஓய்வு நேரக் கோரிக்கைகள் ஏற்கப்பட்டன. ஆனாலும் உறுப்பினர்களின் ஒப்புதல் மிகக் குறுகிய வித்தியாசத்தில்தான் கிடைத்தது. போதாது என்று நினைத்தவர்கள் அவ்வளவு பேர்.

விருது கொடுக்கும் அகாடமி வேறு, சம்பளம் கொடுக்கும் நிறுவனங்கள் வேறு. அதனால் அகாடமியைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஒரே ஆள்தான் செப்டம்பரில் கைதட்டல் வாங்கினார், அக்டோபரில் 10 மணி நேர ஓய்வுக்கு ஓட்டு போட்டார்.

'எங்களை மட்டும் ஏன் விளம்பர இடைவேளையில்?'

தனி மேடை என்பது மரியாதையா, ஒதுக்கலா? இந்தக் கேள்வி எம்மியை விட ஆஸ்கரில்தான் பெரிதாக வெடித்தது. 2019-இல் ஒளிப்பதிவு, எடிட்டிங் உள்பட நான்கு விருதுகளை விளம்பர இடைவேளையில் கொடுக்கப்போவதாக ஆஸ்கர் அகாடமி அறிவித்தது. ஒளிப்பதிவும் எடிட்டிங்கும் இல்லாமல் சினிமா எங்கே என்று இயக்குநர்களே கொதித்தார்கள். சில நாட்களில் முடிவு வாபஸ். மறுபடியும் 2022-இல் எடிட்டிங், இசை, ஒலி, ஒப்பனை உள்பட 8 விருதுகளை நேரலைக்கு முன்பே கொடுத்து, பிறகு வெட்டி ஒட்டிக் காட்டினார்கள். நிகழ்ச்சி சுருங்கியதா என்றால் இல்லை. வில் ஸ்மித் அறைந்த இரவு அது, வேறு எதுவும் யாருக்கும் நினைவில்லை. அடுத்த ஆண்டே எல்லா விருதும் நேரலைக்குத் திரும்பின.

டிவியில் இந்தச் சண்டை அவ்வளவு இல்லை. தனி விழாவே பழக்கமாகிவிட்டது. பிரிட்டனில் பாஃப்டாவும் 2000 முதல் தொலைக்காட்சித் தொழில்நுட்பக் கலைஞர்களுக்குத் தனி விழாதான் நடத்துகிறது. இதில் ஒரு லாபமும் உண்டு. தனி விழாவில் யாரும் 45 விநாடியில் இசை போட்டு விரட்ட வேண்டிய அவசரம் குறைவு. சேர்க்கப் புதுப் பிரிவுக்கும் இடம் இருக்கிறது. ஸ்டண்ட் ஒருங்கிணைப்புக்கு எம்மி 2002-இலேயே வந்துவிட்டது. ஆஸ்கரில் ஸ்டண்டுக்கான விருது 2028-இல் நடக்கும் 100-ஆவது விழாவில்தான் முதல்முறை. காஸ்டிங்குக்கு ஆஸ்கர், 2025-இல் வெளியான படங்களிலிருந்துதான். இரண்டு விஷயத்திலும் சின்னத்திரை முந்திக்கொண்டது.

டெல்லி க்ரைம் வாங்கியது எம்மி இல்லையா?

எம்மிதான், ஆனால் வேறு எம்மி. 2020-இல் 'டெல்லி க்ரைம்' வாங்கியதும், 2023-இல் வீர் தாஸ் வாங்கியதும் சர்வதேச எம்மி. அதை நடத்துவது நியூயார்க்கில் இருக்கும் தனி அமைப்பு. அங்கே தொடர், நடிகர், நடிகை, நகைச்சுவை, டாக்குமென்டரி என்று பிரிவுகள் இருக்கின்றன. ஒளிப்பதிவு, எடிட்டிங், ஒலிக்கு இல்லை. ஆக, டெல்லியின் குளிர்கால இரவை அந்தத் தொடருக்காகப் படம் பிடித்தவர் தனிப் பெயரில் அந்தச் சிலையை வாங்க வழியே இல்லை.

தமிழ்நாட்டில் என்ன நிலைமை?

இங்கே மாநில அரசின் சின்னத்திரை விருதுகள் இருக்கின்றன. நடிகர், நடிகை, தொடருக்கு மட்டுமில்லாமல் தொழில்நுட்பக் கலைஞர்களுக்கும் அதில் இடம் உண்டு. பிரச்சினை காலண்டர். 2009 முதல் 2013 வரையிலான சின்னத்திரை விருதுகள் வழங்கப்பட்டது 2022 செப்டம்பர் 4-இல், சென்னை கலைவாணர் அரங்கத்தில். அதாவது 2009-இல் ஒருவர் செய்த வேலைக்கு அங்கீகாரம் வர 13 வருடம். அதற்குள் எத்தனை பேர் தொழிலையே மாற்றிக்கொண்டிருப்பார்கள்! நடிகருக்கு விருது தாமதமானால் வருத்தம்தான், ஆனால் அவர் முகம் ஊருக்கே தெரியும். ஒரு எடிட்டருக்கு அடுத்த வேலை கேட்கப்போகும் இடத்தில் காட்ட அந்தச் சான்றிதழைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

டைட்டில் கார்டு இருக்கிறதே என்று கேட்கலாம். சீரியல் முடிவில் ஓடும் பெயர்களைப் படிக்க, அந்த வேகத்துக்கு, வீடியோவை நிறுத்தி வைக்கணும். ஓடிடியில் அதுவும் இல்லை. 2017-இலிருந்து நெட்ஃப்ளிக்ஸில் 'ஸ்கிப் இன்ட்ரோ' பட்டன் இருக்கிறது. முடிவில் பெயர் ஓட ஆரம்பித்ததும் படம் ஒரு மூலைக்குச் சுருங்கி, 'அடுத்த எபிசோட் 5 விநாடியில்' என்று வருகிறது. டைட்டில் வடிவமைப்புக்கே ஒரு எம்மி உண்டு என்பது இன்னொரு வேடிக்கை. போனில் பார்ப்பவர்களில் பெரும்பாலானோர் தாண்டிப் போகும் 60 விநாடிக்கு அந்த விருது.

நம்ம ஊரில் இந்த முகம் தெரியாதவர்களைப் பற்றி எல்லோரும் பேசிய ஒரு சமயம் உண்டு. 2020 மே, கொரோனா ஊரடங்கு. சீரியல்கள் நின்றுபோய், சேனல்கள் பழைய எபிசோடுகளைத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தன. முதலில் தமிழ்நாடு அரசு, அதிகபட்சம் 20 பேரோடு சின்னத்திரைப் படப்பிடிப்பு நடத்தலாம் என்றது. 20 பேரை வைத்து ஒரு சீரியல் எடுக்க முடியாது என்று திரைப்படத் தொழிலாளர் சம்மேளனமான பெப்சி தரப்பு சொன்னது. நடிகர்களைக் கழித்துவிட்டால் லைட்மேன், கேமரா உதவியாளர், மேக்கப், காஸ்ட்யூம், ஆர்ட், ஒலிப்பதிவு, ஜெனரேட்டர், சாப்பாடு பரிமாறுபவர் என்று எண்ணிக்கொண்டே போகணும். யாரை வீட்டுக்கு அனுப்புவது?

அந்த மாதம் முடிவதற்குள் அரசு எண்ணிக்கையை 60 ஆக உயர்த்தியது. அதன் பிறகுதான் படப்பிடிப்பு தொடங்கியது.